உருக்கியது போக மிஞ்சியது: வெர்சாய் கண்ணாடிக் கூடம்

வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதலில் சொல்லும் எண் 357. அத்தனை கண்ணாடிகள். வாயைப் பிளந்து கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும். கூடத்தின் ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த 17 பெரிய வளைவு ஜன்னல்கள். எதிர்ச்சுவரில் அவற்றுக்கு நேர் நேராக 17 கண்ணாடி வளைவுகள். 357-ஐ 17-ஆல் வகுத்தால் 21. அதாவது, தூரத்திலிருந்து ஒரே ஆடி போலத் தெரிகிற ஒவ்வொரு வளைவும் 21 துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து அமைத்தது. ஐரோப்பாவிலேயே பணத்தைத் தண்ணீராய் இறைத்த அரசன், தன் அரண்மனையின் நடுக்கூடத்தில் ஏன் ஒட்டுப்போட்ட கண்ணாடியை வைத்தான்?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் கூடத்தின் பாதிக் கதை வந்துவிடும். மீதிப் பாதி, இப்போது அங்கே இல்லாத வெள்ளிச் சாமான்களில் இருக்கிறது.

முதலில் இடம். நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் 'வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை' என்று படித்தோமே, அதே ஊர்தான். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் வெர்சாய். பாரிசுக்குத் தென்மேற்கே ஒரு வேட்டை மாளிகையாகத் தொடங்கியதை, பதினான்காம் லூயி அரசவையும் அரசாங்கமும் சேர்ந்து குடியிருக்கும் அரண்மனையாக வளர்த்தான். கண்ணாடிக் கூடம் இருக்கும் இடத்தில் முதலில் கூடமே இல்லை. அரசன் வாசம் செய்த பகுதிக்கும் அரசி வாசம் செய்த பகுதிக்கும் நடுவில், தோட்டத்தைப் பார்த்தபடி, லூயி லெ வோ என்ற கட்டடக் கலைஞர் ஒரு திறந்த மொட்டைமாடியை அமைத்திருந்தார். இத்தாலிக்குப் பொருந்துகிற யோசனை. பாரிஸ் பக்கத்து மழைக்கும் குளிருக்கும் பொருந்தவில்லை. 1678-ல் ழூல் அர்துவேன்-மான்சார் அதை மூடிக் கூடமாக்கும் வேலையைத் தொடங்கினார். 1684-ல் முடிந்தது. நீளம் 73 மீட்டர், அகலம் 10.5 மீட்டர், உயரம் 12.3 மீட்டர். அளவைப் பார்த்தால் அறை என்று சொல்ல மனம் வராது. நம் பெரிய கோயில்களின் பிரகாரம் போல, இருக்கிற இடம் என்பதைவிட நடக்கிற இடம். உண்மையில் அன்றாடம் அது அப்படித்தான் பயன்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணாடிக்கு வருவோம். 17-ம் நூற்றாண்டின் நடுவில் நல்ல நிலைக்கண்ணாடி வேண்டுமென்றால் வெனிசுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். அந்த நகரத்தை ஒட்டிய முரானோ தீவின் கண்ணாடிக் கைவினைஞர்கள் தொழில் ரகசியத்தைக் காலங்காலமாகக் கட்டிக் காத்தார்கள். கைவினைஞன் ஊரைவிட்டு ஓடிப்போய் வேறு நாட்டில் தொழில் செய்தால் வெனிஸ் குடியரசு அவனைத் துரோகி என்று நடத்தியது. பிரெஞ்சுப் பிரபுக்கள் வாங்கிக் குவித்த கண்ணாடிக்கான காசெல்லாம் வெனிசுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதைப் பொறுக்க முடியாத ஒருவர் இருந்தார்: நிதி மந்திரி ழான்-பத்தீஸ்த் கோல்பேர். நாட்டுக்குள் வரும் வெள்ளியும் பொன்னும் வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து வாங்குகிற எதையும் உள்ளேயே செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. புதுச்சேரிக்காரர்களுக்கு இவர் ஒரு விதத்தில் சொந்தக்காரர். 1664-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஏற்படுத்தியவர் இவர்தான். பத்தாண்டு கழித்து அந்தக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் வந்து கடை விரித்தார். கம்பெனி தொடங்கிய மறு ஆண்டே, 1665-ல், கோல்பேர் பாரிசில் அரச கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றையும் தொடங்கி வைத்தார். முரானோவிலிருந்து ஆட்களைக் காசு காட்டி, ரகசியமாகக் கடத்தி வந்தார்கள். வெனிஸ் தூதர் பாரிசில் உட்கார்ந்து அவர்களைத் திரும்ப அழைக்கத் தூது விட்டுக்கொண்டிருந்தார். மிரட்டலும் கெஞ்சலும் மாறி மாறி நடந்தன. 1667-ல் அந்தக் கைவினைஞர்களில் இருவர் அடுத்தடுத்து இறந்தபோது, வெனிஸ்காரர்கள் விஷம் வைத்துவிட்டார்கள் என்று பாரிசில் பேச்சு கிளம்பியது. மிஞ்சியவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டார்கள். 1672-ல் வெனிஸ் கண்ணாடியை இறக்குமதி செய்யவே கோல்பேர் தடை போட்டார்.

ஆக, கண்ணாடிக் கூடத்தின் சுவர் ஒரு தொழிற்சாலையின் மாதிரிச் சரக்கு. பெரிய நாட்களில் வருகிற வெளிநாட்டுத் தூதர்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் அரசனிடம் போக வேண்டும். 'எங்களுக்கு வெனிஸ் தேவையில்லை' என்று 17 முறை எழுதி ஒட்டிய மாதிரி.

இனி ஒட்டுக் கண்ணாடியின் காரணம். அப்போது தெரிந்த முறையில் கண்ணாடியை ஊதித்தான் தகடாக்க வேண்டும். உருகிய குழம்பை இரும்புக் குழலின் முனையில் எடுத்து, ஊதி, நீண்ட உருளையாக்கி, இரு முனையையும் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, சூட்டோடு விரித்துத் தட்டையாக்குவார்கள். பிறகு மணலைப் போட்டுத் தேய்த்து, மெருகேற்றி, இரு பக்கமும் சமமாக்க வேண்டும். ஒரு மனிதனின் நுரையீரலும் கைவலுவும் எவ்வளவு குழம்பைத் தாங்குமோ அதுதான் கண்ணாடியின் அளவு. அதற்கு மேல் பெரிதாக்கினால் தகடு மெலிந்து, தேய்க்கும்போதே உடையும். அரசன் என்ன ஆணை போட்டாலும் நுரையீரல் பெரிதாகாது. அதனால்தான் கட்டம்.

இதில் ஒரு வேடிக்கை. கூடம் முடிந்த சில ஆண்டுகளிலேயே, 1680-களின் கடைசியில், குழம்பை உலோக மேசைமேல் ஊற்றி உருளையால் பரப்பும் முறையைப் பிரெஞ்சுக்காரர்களே கண்டுபிடித்தார்கள். ஊதியதைப் போலப் பல மடங்கு பெரிய தகடுகள் கிடைத்தன. அந்தத் தொழில் சேன்-கோபேன் (நம் ஊர் வாயில் செயின்ட் கோபைன்) என்ற கிராமத்தில் வேரூன்றியது. இன்று ஜன்னல் கண்ணாடியிலும் கார் கண்ணாடியிலும் நாம் பார்க்கும் பெயர் அந்தக் கிராமத்தின் பெயர்தான். லூயி பத்து வருஷம் பொறுத்திருந்தால் 357 என்ற எண்ணே வந்திருக்காது.

தகடு தயாரானதும் ரசம் பூச வேண்டும். இந்த ஒரு சொல்லில் தமிழ் ஒரு தொழில்நுட்ப வரலாற்றையே வைத்திருக்கிறது. ரசம் என்றால் பாதரசம். இப்போது விற்கிற கண்ணாடிகளில் பாதரசம் துளியும் கிடையாது, வெள்ளியோ அலுமினியமோதான். இருந்தும் எங்கள் வீட்டில் பாட்டி காலத்து அலமாரிக் கண்ணாடியில் கறுப்புத் திட்டு விழுந்தபோது, எல்லோரும் 'ரசம் போயிடுச்சு' என்றுதான் சொன்னார்கள். வெர்சாய்க் கண்ணாடி அந்தச் சொல்லுக்கு நேரான பொருள். சமதளக் கல் மேசையில் வெள்ளீயத் தகட்டைச் சுருக்கமில்லாமல் விரிப்பார்கள். அதன்மேல் பாதரசத்தைத் தேய்த்து, பிறகு குளம் கட்டுகிற மாதிரி ஊற்றுவார்கள். கண்ணாடியை ஒரு விளிம்பிலிருந்து மெல்லச் சறுக்கிக் கொண்டுவந்து, காற்றுக் குமிழி சிக்காமல் அதன்மேல் படுக்க வைப்பார்கள். மேலே எடைகளை அடுக்கிவிட்டு, மேசையை ஒரு பக்கம் சாய்த்து, மிச்சப் பாதரசம் வடிய வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். வெள்ளீயமும் ரசமும் ஒன்றாகிக் கண்ணாடியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த ஆட்களுக்குக் கை நடுக்கம் வரும், பல் விழும். அரண்மனைக் கணக்கேடுகளில் கண்ணாடியின் விலை இருக்கிறது. அவர்கள் பல்லின் விலைக்கு ஏடு கிடையாது.

இந்த வகைக் கண்ணாடியின் பிம்பம் இன்றைய கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்காது. கொஞ்சம் சாம்பல் பூத்து, கொஞ்சம் நீலம் கலந்து, தண்ணீருக்குள் பார்ப்பது மாதிரி இருக்கும். கூடம் மேற்கே பார்த்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே நேராக வந்து இந்தச் சாம்பல் பரப்பில் விழுந்து, அறைக்குள் திரும்பும். தோட்டமும் வானமும் எதிர்ச்சுவரில் இன்னொரு தோட்டமும் வானமுமாக நிற்கும். இரவில் மெழுகுவத்திகள் இரட்டிப்பாகும். மின்சாரம் இல்லாத காலத்தில், ஒரு சுடரை இரண்டு சுடராக்கும் சுவர் வெறும் அழகுக்கு மட்டும் இல்லை.

மேலே அண்ணாந்து பார்த்தால் ஷார்ல் லெ ப்ரன் தீட்டிய மோட்டுவளை. கழுத்து வலிக்கும், எச்சரித்துவிடுகிறேன். பெரிதும் சிறிதுமாக 30 ஓவியங்கள். லூயி தானே ஆட்சிப் பொறுப்பை ஏற்ற 1661-லிருந்து, டச்சுக்காரர்களோடு நடந்த போர் நைமேகன் உடன்படிக்கையில் முடிந்த 1678 வரையிலான பதினெட்டு ஆண்டுக் கதை. முதலில் லெ ப்ரன் அப்போலோ தேவனின் கதையைத் தீட்டுவதாகத் திட்டம் போட்டார். அது தள்ளுபடியாகி எர்குலிஸ் கதைக்கு வரைபடம் தயாரித்தார். அதையும் அரசனின் ஆலோசனைச் சபை வேண்டாமென்றது. புராணத்தின் வழியாகச் சுற்றி வளைத்துப் புகழ வேண்டாம், அரசனையே வரையுங்கள் என்று முடிவானது. அக்காலத்தில் இது துணிச்சலான மாற்றம். தேவனுக்குப் பதில் மனிதன், அதுவும் உயிரோடு கீழே நடமாடிக்கொண்டிருக்கும் மனிதன், கூரையில் ஏறினான்.

முழுக்க மனிதனாகவும் ஏறவில்லை. உடம்பில் ரோமானிய வீரனின் கவசம், தலையில் தன் காலத்துச் சுருள் சுருளான பொய்முடி. ஆற்றைக் கடக்கும் காட்சியொன்றில் ரதத்தில் பாய்கிறான், ஆறு ரைன். இன்றைய பெல்ஜியத்திலுள்ள கென்ட் நகரை ஆறே நாளில் பிடித்த காட்சியில், கழுகின்மேல் ஏறி இடியைக் கையில் பிடித்திருக்கிறான். கழுகும் இடியும் ரோமானியர்களின் தேவராஜன் யூப்பிடருக்கு உரியவை. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஐராவதத்தில் ஏறி வஜ்ஜிராயுதம் பிடித்த தோரணை. நடுநாயகமான ஓவியத்தின் தலைப்பு, 'அரசன் தானே ஆள்கிறான்'. இந்தத் தலைப்புகளுக்கும் ஒரு கதை உண்டு. முதலில் ஒரு புலவர் எழுதிய வாசகங்கள் ஆடம்பரம் தாங்காமல் அழிக்கப்பட்டன. பிறகு ராசீன், புவாலோ என்ற இரு பெரிய எழுத்தாளர்கள் சுருக்கமான பிரெஞ்சில் மாற்றி எழுதினார்கள். அவ்வளவு புகழ்ச்சிக்கும் மேல், எழுத்திலாவது அடக்கம் வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

தூண்களின் தலைப்பகுதியைக் கவனிக்காமல் வந்துவிடுகிறவர்களே அதிகம். கிரேக்க, ரோமானியக் கட்டடங்களில் தூண்தலைக்கு வகுத்த வகைகள் உண்டு. ஐரோப்பா முழுக்க அவற்றையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். பிரான்சுக்கென்று புதிதாக ஒன்று வேண்டும் என்றார் கோல்பேர். லெ ப்ரன் வரைந்தது இது: நடுவில் அரச குலத்தின் அல்லிப்பூ, அதன்மேல் சூரிய முகம், இரு பக்கமும் சேவல். பொன்முலாம் பூசிய அந்தச் சேவல்கள் செம்பளிங்குத் தூண்களின் உச்சியில் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடி, தூண், கூரை எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: இது இங்கே செய்தது.

வெள்ளிதான் எனக்கு இந்தக் கூடத்தில் மிகப் பிடித்த பகுதி. இல்லாத பகுதி என்பதாலோ என்னவோ.

கூடம் புதிதாக இருந்தபோது அங்கே மரச்சாமானே அதிகம் இல்லை. மேசைகள் வெள்ளி. விளக்குத் தாங்கிகள் வெள்ளி. பெரிய ஜாடிகள், மெழுகுவத்திக் கொத்துகள், ஆரஞ்சு மரங்கள் நட்ட தொட்டிகள் எல்லாம் வெள்ளி. லூயிக்கு ஆரஞ்சுப் பூ வாசனை என்றால் உயிர். வீட்டுக்குள்ளேயே மரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஜன்னல்களில் பொன்னிழையில் அரசனின் எழுத்துமுத்திரை நெய்த வெள்ளைப் பட்டுத்திரை. பல சாமான்களின் வடிவத்தை வரைந்தது லெ ப்ரன்தான்; அரசப் பட்டறைப் பொற்கொல்லர்கள் செய்தார்கள். அரண்மனையின் வெள்ளி மரச்சாமான்கள் மொத்தம் சுமார் 20 டன் என்கிறார்கள். மரமே இல்லாத மரச்சாமான். தமிழில் இதற்குச் சொல் தேடினால் சிக்கல்தான்.

மெழுகுவத்திச் சுடர் வெள்ளியில் பட்டு, வெள்ளி கண்ணாடியில் பட்டு, கண்ணாடி மறுபடி வெள்ளியில் பட்டு… அந்த ஒளியை இன்று யாரும் பார்க்க முடியாது. கோபலேன் பட்டறையில் நெய்த திரைச்சீலைகளில் அந்தச் சாமான்கள் சில தெரிகின்றன. சில வரைபடங்கள் இருக்கின்றன. அவ்வளவுதான். ஏனென்றால் 1689 டிசம்பரில் லூயி எல்லாவற்றையும் உருக்கச் சொன்னான்.

காரணம் போர். முந்தைய ஆண்டு தொடங்கிய ஆக்ஸ்பர்க் கூட்டணிப் போரில் ஐரோப்பாவின் பாதி பிரான்சுக்கு எதிராக நின்றது. கஜானா காலி. பிரபுக்கள் எல்லோரும் வீட்டிலுள்ள வெள்ளிச் சாமானை நாணயச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆணை போட்டு, அரசனே முதலில் தன்னுடையதை அனுப்பினான். கூடம் கட்டி முடித்து ஐந்தே ஆண்டு. கிடைத்த பணமோ எதிர்பார்த்ததற்கு அருகில்கூட வரவில்லை. ஏன் என்று நம் ஊர் நகைக்கடையில் ஒரு முறை நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று கொடுத்ததெல்லாம் விற்கும்போது காற்றில் போய்விடும். தராசில் ஏறுவது வெறும் எடை. லெ ப்ரனின் கற்பனைக்கும் பொற்கொல்லர்களின் பல்லாண்டு உழைப்புக்கும் நாணயச் சாலைத் தராசில் இடமில்லை. வந்த காசு போருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த மாதிரிச் சாமான் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் டென்மார்க்குக்குப் போக வேண்டும். லூயியைப் பார்த்து மற்ற அரசர்களும் வெள்ளியில் செய்தார்கள். அவர்களில் சிலர் உருக்கவில்லை. கோபன்ஹேகனின் ரோசன்போர்க் கோட்டையில் வெள்ளிச் சிங்கங்களே நிற்கின்றன. 2007-ல் வெர்சாய் ஒரு கண்காட்சி வைத்தபோது, தன் இழந்த அழகைக் காட்ட இப்படி வெளிநாடுகளிலிருந்து இரவல் வாங்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.

கண்ணாடி தப்பித்தது. உருக்கினால் அதற்கு விலை இல்லை. இன்று நாம் அதைக் 'கண்ணாடிக் கூடம்' என்கிறோம். லூயி காலத்தில் அதன் பெயர் வெறும் 'பெரிய கூடம்'. வெள்ளி எல்லாம் அங்கேயே இருந்திருந்தால் இந்தப் பெயர் இவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்குமா என்பது என் சந்தேகம்.

கூடத்தில் நாள்தோறும் என்ன நடந்தது? பெரும்பாலும் காத்திருப்பு. அரசன் தன் அறையிலிருந்து பூசைக்குச் சிற்றாலயம் போகும்போது இந்த வழியாகத்தான் போவான். மனுவோடு வந்தவர்கள் இரு பக்கமும் நிற்பார்கள். யாராவது எதையாவது கேட்டால் லூயியின் வழக்கமான பதில், 'பார்க்கிறேன்.' நம் தாலுகா ஆபீசிலும் இதே பதில் கிடைக்கும், கண்ணாடி மட்டும்தான் குறை. ஒழுங்காக உடுத்தியிருந்தால் பொதுமக்களும் வரலாம். ஆண்களுக்குத் தொப்பியும் வாளும் அவசியம். இல்லாதவர்களுக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைத்தது.

பெரிய நாட்களில் மட்டும் கூடத்தின் கோடியில் அரியணை போடுவார்கள். வருகிறவன் 73 மீட்டரையும் கூட்டத்துக்கு நடுவே நடந்து கடக்க வேண்டும். 1684-ல் பிரெஞ்சுக் கடற்படை ஜெனோவா நகரைக் குண்டு வீசிச் சிதைத்தது. மறு ஆண்டு மே மாதம் அந்தக் குடியரசின் தலைவர், டோஜ் என்று பெயர், நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பதவியில் இருக்கும் டோஜ் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது ஜெனோவாவின் சட்டம். வெர்சாயில் எது உங்களை மிகவும் வியக்க வைத்தது என்று கேட்டபோது, 'நான் இங்கே நிற்பதுதான்' என்றாராம் அவர். 1686 செப்டம்பரில் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசன் நாராயின் தூதர் கோசா பான் வந்தார். அரசனை நிமிர்ந்து பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் குற்றம். தலையைத் தரையில் வைத்துக் கும்பிட்டார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று லூயி அனுமதி கொடுத்ததாகச் சொல்வார்கள்.

அடுத்த தலைமுறைகளில் கூடத்தின் சாமான்கள் மாறின. 1745 பிப்ரவரியில் பட்டத்து இளவரசனின் திருமணத்துக்காக நடந்த முகமூடி நடனத்தில், பதினைந்தாம் லூயியும் சில தோழர்களும் தோட்டத்தில் வெட்டி வடிவமைத்த யூ மரங்களைப் போல வேடமிட்டு வந்தார்கள். எந்த மரம் அரசன் என்று தெரியாமல் சீமாட்டிகள் திண்டாடினார்கள். 1770-ல் மரி அந்துவானெத் திருமணத்துக்குப் புதிய விளக்குத் தாங்கிகள் வந்தன. இம்முறை மரம், மேலே தங்க ரேக்கு. பெண்ணும் குழந்தையுமாக உருவங்கள், மேலே படிகக் கொத்தில் மெழுகுவத்தி. நம் பாவை விளக்கின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். இன்று கூடத்தில் வரிசையாக நிற்பவை இந்த 1770 வகைதான், அவற்றில் நகல்களும் உண்டு. ஆக, பார்க்க வருகிறவர்கள் பதினான்காம் லூயியின் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் அவன் கொள்ளுப்பேரன் காலத்துச் சாமானைப் பார்க்கிறார்கள்.

புரட்சி வந்தது. 1793 ஆகஸ்டிலிருந்து ஓர் ஆண்டு காலம் அரண்மனைச் சாமான்களை ஏலம் விட்டார்கள், 17,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக. கூடம் வெறுமையானது. மறுபடி கண்ணாடிகள்தான் மிச்சம்.

வெறுமையான கூடத்துக்கு வேறு விதமான விருந்தாளிகள் வந்தார்கள். 1870 போரில் பிரஷ்யப் படை வெர்சாயைப் பிடித்து, அரண்மனையைக் காயம்பட்ட வீரர்களின் ஆஸ்பத்திரியாக்கியது. 1871 ஜனவரி 18-ல் இதே கூடத்தில் ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் செய்து பிரஷ்ய அரசர் வில்ஹெல்மைப் பேரரசராக்கினார்கள். கூரையில் ரைன் ஆற்றைக் கடக்கிற லூயி. கூடத்தின் வடகோடியில் போர் மண்டபம். அதன் மோட்டில் மண்டியிட்ட ஜெர்மனி. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

1919 ஜூன் 28-ல் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ கணக்கைத் திருப்பினார். முதல் உலகப் போரை முடித்த உடன்படிக்கையில் ஜெர்மன் பிரதிநிதிகள் கையெழுத்திட வேண்டிய மேசையை இதே கூடத்தில் போட்டார். போரில் முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சு வீரர்களை அழைத்து, வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்தினார். முகம் இழந்தவர்களை நிறுத்த இந்த உலகத்தில் இதைவிடக் கடுமையான அறை கிடைத்திருக்காது. இந்தியாவின் பெயரிலும் அன்று கையெழுத்து விழுந்தது: பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகு, பீகானேர் மகாராஜா கங்கா சிங்.

அந்தக் காட்சியை வில்லியம் ஆர்ப்பென் என்ற ஓவியர் வரைந்தார். படம் இப்போது லண்டனில் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைவர்கள் எல்லோரும் படத்தின் அடியில் ஒரு வரிசையாக அமுங்கிப்போயிருக்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி பொன்னும் கண்ணாடியும்தான். கட்டம் கட்டமான ஆடிகளில் ஜன்னல் வெளிச்சமும் மனித நிழல்களும் துண்டு துண்டாக உடைந்து தெரிகின்றன. ஒரே ஆடியாக இருந்தால் அந்தப் படம் அப்படி வந்திருக்காது. உச்சியில், ஓவியர் மெனக்கெட்டு எழுதி வைத்த வாசகம்: 'அரசன் தானே ஆள்கிறான்'.

2004 முதல் 2007 வரை கூடத்தைச் செப்பனிட்டார்கள். ஒரு கட்டுமான நிறுவனம் 12 மில்லியன் யூரோ கொடுத்தது. பழைய மெருகும் அழுக்கும் நீங்கி லெ ப்ரனின் நீலம் வெளியே வந்தது. கண்ணாடிகளில் பெரும்பாலானவை பழைய ரசக் கண்ணாடிகளாகவே இருந்தன. அவற்றுக்கு மறுபடி ரசம் பூச வழியில்லை. அந்தத் தொழிலை உடல்நலக் கேடு கருதி எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதனால் புள்ளி விழுந்தவற்றையும் மங்கியவற்றையும் கூடியவரை அப்படியே விட்டார்கள். போகிறவர்கள் சாயங்காலம் போனால் நல்லது. வெயில் சாய்ந்து விழும்போது ஒரு வளைவின் முன்னால் நின்று, 21 கட்டத்தையும் வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே வானம்தான். ஆனால் ஒரு கட்டத்தில் நீலம் கூடுதல், பக்கத்துக் கட்டத்தில் சாம்பல் கூடுதல், இன்னொன்றின் ஓரத்தில் ரசம் போய்க் கறுப்பு நூல் மாதிரி ஒரு கோடு.